ஆசியவியல் சொற்பொழிவு வரிசையில் தமிழுக்கு எந்தத் தலைப்பை முன்மொழியலாம்?

மோக்கா மாணவி:

அனைவருக்கும் வணக்கம். மொரிஷியஸின் மோக்காவில் நான் பயிலும் பல்கலைக்கழகத்தில் ஆசியவியல் என்ற பெயரில் ஆண்டுதோறும் பொதுச் சொற்பொழிவுகளும் கலை நிகழ்ச்சிகளும் நடைபெறுகின்றன. சீன வரலாறு, பௌத்தம், இந்தியப் பெருங்கடல் வணிகம் ஆகியவற்றுக்குச் சொற்பொழிவு மேடை கிடைக்கிறது. தமிழுக்கு வாசலில் கோலம், மாலையில் பரதநாட்டியம், முடிவில் வாழையிலையில் ஏழு கறி என்ற அளவோடு நின்றுவிடுகிறது. கலையின் மீதும் விருந்தின் மீதும் எனக்கு எந்த வருத்தமும் இல்லை (பந்தியில் முதல் ஆளாக உட்காருபவள் நான்தான்). ஆனால் தமிழைப் பார்க்கலாம், உண்ணலாம், அதைப் பற்றிச் சிந்திக்க ஒன்றுமில்லை என்ற எண்ணம் வருவோர் மனத்தில் பதிந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

இவ்வாண்டு ஏற்பாட்டுக் குழுவில் மாணவர் சார்பில் எனக்கு இடம் கிடைத்துள்ளது. ஒரு மணி நேரச் சொற்பொழிவுக்குத் தலைப்பு கேட்டிருக்கிறார்கள். தமிழ் இந்தியாவில் ஒரு மாநிலத்தின் மொழிதானே, அதை ஆசியவியலில் எங்கே பொருத்துவது என்று குழுவில் ஒருவர் கேட்டபோது, அவருக்குத் தக்க விடை அந்த நேரத்தில் என் வாயில் வரவில்லை. என்ன தலைப்பை முன்மொழியலாம்? அவையினரில் பெரும்பாலோர் வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து கிளைத்த எங்கள் தீவின் பேச்சுமொழி) பேசுபவர்கள் என்பதால், எந்த மொழியில் பேச வைப்பது என்பதையும் சொல்லுங்கள்.

கல்வெட்டு வாசகர்:

தங்கச்சி, அந்தக் கேள்விக்குக் கல்லே விடை சொல்லும். தாய்லாந்தின் தகுவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அது ஒரு குளத்தையும், அதன் காவலை ஏற்ற மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவையும் குறிப்பிடுகிறது. சுமத்திராவின் பாருஸில் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. பர்மாவின் பாகனில், நானாதேசி விண்ணகர் என்ற கோயிலுக்கு மலைமண்டலத்து (இன்றைய கேரளப் பகுதி) வணிகர் ஒருவர் மண்டபமும் கதவும் விளக்கும் அளித்த செய்தி, 13ஆம் நூற்றாண்டுத் தமிழில் பொறிக்கப்பட்டுள்ளது. சீனத்தின் சுவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டு தமிழில் எழுதிச் சிவன் கோயில் ஒன்றைப் பதிவு செய்த கல்லின் அடியில் ஒரு வரி சீன எழுத்தும் உண்டு. இவற்றில் எதையும் தமிழ்நாட்டுக்குள் அடைத்துப் பேச முடியாது.

ஆனால் இவை அனைத்தையும் ஒரே மணி நேரத்தில் திணிக்க வேண்டாம். ஊர்ப்பெயர்களை அடுக்கிக்கொண்டே போனால் அவையினர் உறங்கிவிடுவார்கள். நானாக இருந்தால் இலங்கையின் காலியில் கிடைத்த மும்மொழிக் கல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வேன். மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த அந்தக் கல் 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற திருமாலைப் போற்றுகிறது, பாரசீகப் பகுதி இஸ்லாமிய நெறியில் அமைந்திருக்கிறது. பொன், வெள்ளி, பட்டு என்று காணிக்கைகளின் பட்டியலும் அதில் வருகிறது. சீனத்திலிருந்து புறப்பட்ட ஒரு கப்பற்படை, அந்தத் துறைமுகத்தில் தன் செய்தி எட்ட வேண்டுமானால் தமிழிலும் எழுத வேண்டும் என்று கருதியிருக்கிறது என்பதே உங்கள் குழு உறுப்பினருக்குச் சொல்ல வேண்டிய செய்தி. 1911இல் இந்தக் கல்லைக் கண்டெடுத்தபோது அது காலி நகரில் வாய்க்கால் ஒன்றின் மூடியாகக் கிடந்தது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனப் பகுதியைச் சீனம் பயிலும் மாணவர் ஒருவரும் தமிழ்ப் பகுதியை நீங்களும் அடுத்தடுத்து உரக்கப் படித்தால், மேடை யாருக்கு என்ற சண்டையே எழாது.

இன்னொன்றையும் குழுவின் காதில் போட்டு வையுங்கள். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964இல் தில்லியில் கூடிய கீழைத்தேயவியல் (ஆசியவியலை முன்பு அழைத்த பெயர்) அறிஞர்களின் உலக மாநாட்டின்போதுதான் தொடங்கப்பட்டது. ஆசியவியலின் மடியிலேயே பிறந்த துறையை அந்நியம்போல் நடத்துவது எனக்குச் சிரிப்பைத்தான் தருகிறது. அம்மன்றத்தின் 7ஆவது மாநாடு 1989இல் நடந்தது வேறெங்கும் இல்லை, உங்கள் மோக்காவிலேதான்.

ஆவணப் பிரியன்:

ஐயா சொன்ன கல் அருமையானது, மறுக்கவில்லை. ஆயினும் மொரிஷியஸில் ஒரு பொதுச் சொற்பொழிவுக்கு ஊர் மக்கள் வர வேண்டுமானால், அதில் தங்கள் குடும்பத்தின் நிழலாவது தெரிய வேண்டும் என்பது என் கருத்து. மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களில் ஒவ்வொரு ஒப்பந்தக் கூலியின் பெயர், தந்தை பெயர், ஊர், உயரம், உடலின் அடையாளக் குறி, வந்த கப்பல் ஆகியவை பதிவாகியுள்ளன. பிற்காலத்தவருக்குப் புகைப்படமும் உண்டு. நம் குடும்பப் பெயர்களில் பல, அங்கிருந்த எழுத்தர் ஒருவர் தம் காதில் விழுந்தபடி எழுதி வைத்த தந்தையின் பெயர்கள்தாம். அத்தகைய ஒரு பதிவைத் திரையில் பெரிதாகக் காட்டி வரிவரியாக விளக்கினால், அரங்கில் ஒருவரும் கைப்பேசியைப் பார்க்க மாட்டார்கள். ஆனால் குடும்பத்தாரின் இசைவு இல்லாமல் யாருடைய பதிவையும் காட்டக் கூடாது. சாதி எழுதப்பட்ட கட்டம் பலருக்கு இன்றும் சுடும்.

இதில் ஒரு குறையும் நேரக்கூடும். 1834இல் தொடங்கிய ஒப்பந்தக் கூலி முறையில் ஏறத்தாழ 4.5 லட்சம் பேர் இத்தீவுக்கு வந்தார்கள் என்பதால், தமிழர் வரலாறும் அங்கிருந்தே தொடங்குவதாகப் பேச்சாளர்கள் எண்ணிவிடுகிறார்கள். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, பிரெஞ்சு ஆட்சியில் லா பூர்தொன்னே ஆளுநராக இருந்த காலத்தில், புதுச்சேரியிலிருந்து வந்த கொல்லரும் தச்சரும் கட்டடக் கைவினைஞரும் போர்ட் லூயி நகரை எழுப்புவதில் பங்குகொண்டார்கள். அவர்களை விட்டுவிட்டால் சொற்பொழிவு பாதிக் கதையைத்தான் சொல்லும்.

தலைப்பு இன்னும் எளிமையாக வேண்டுமென்றால், ஒவ்வொருவர் பணப்பையிலும் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கின்றன. 1998இல் வந்த புதிய நோட்டுகளில் இந்தியைத் தமிழுக்கு முன் வைத்ததால் எழுந்த எதிர்ப்பில், அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மொழியும் அரசும் சந்திக்கும் இடத்தைக் காட்ட இதைவிடக் கைக்கு எட்டிய சான்று கிடையாது. சூடான தலைப்புதான், நிதானமான பேச்சாளர் கிடைத்தால் மட்டும் தொடுங்கள்.

ரோஸ் ஹில் ஆசிரியை:

பாப்பா, தலைப்பைப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்; நான் நடைமுறையைச் சொல்கிறேன். விளக்கம் கிரியோலில் இருக்கட்டும், மூலத்தை மட்டும் தமிழில் நிறுத்திப் படியுங்கள். முழுவதும் செந்தமிழில் பேசினால், ரோமன் எழுத்தில் எழுதி வைத்துத் தேவாரம் பாடும் நம் கோயில் அன்பர்கள் முதல் பத்து நிமிடத்திலேயே தங்களுக்கு இங்கே இடமில்லை என்று எண்ணி எழுந்து போய்விடுவார்கள். வேலை நாள் மாலையும் வேண்டாம், இருட்டியபின் பேருந்து கிடைப்பது கடினம். சனிக்கிழமை காலை வையுங்கள், பக்கத்திலுள்ள ரெதுயி வரை மெட்ரோ ரயில் வருகிறது. தைப்பூசக் காவடி விரத நாள்களைத் தொட்டுத் தேதி குறித்தால் உங்களுக்கு ஆளே வராது.

நடனத்தைத் தனி நேரமாக ஒதுக்குவதுதான் என்னைப் பொறுத்தவரை முதல் தவறு. ஆடும் பெண் ஒருத்தியை மேடையில் நிறுத்தி, பதம் என்னும் நாட்டியப் பாடலின் ஒரே வரியை மூன்று விதமாக அபிநயித்துக் காட்டச் சொல்லி, ஏன் கை அங்கே போகிறது, கண் ஏன் இங்கே திரும்புகிறது என்று அவளையே விளக்கச் சொல்லுங்கள். அதுவும் சொற்பொழிவுதான், பல பேராசிரியர்களின் உரையைவிடச் செறிவாகவே அமையும்.

மோக்கா மாணவி:

ஐயாவுக்கும் அண்ணாவுக்கும் ஆசிரியை அம்மாவுக்கும் மிக்க நன்றி. காலிக் கல்லைச் சொற்பொழிவாகவும், குடியேற்றப் பதிவு ஒன்றை அரங்கின் முகப்பில் கண்காட்சியாகவும் வைக்கலாம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். என் பாட்டியின் தாத்தாவுடைய பதிவைக் காட்ட வீட்டில் இசைந்துவிட்டார்கள் என்பதால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. ரூபாய் நோட்டை அடுத்த ஆண்டுக்கு ஒத்தி வைக்கிறேன். சீனம் பயிலும் மாணவர் ஒருவரிடமும் பேசினேன், ஆர்வமாக இருக்கிறார். ஐயா, அந்தக் கல்லின் தமிழ்ப் பகுதியை அக்கால எழுத்திலேயே திரையில் காட்டுவதா, இக்கால எழுத்தில் பெயர்த்துக் காட்டுவதா?

கல்வெட்டு வாசகர்:

இரண்டையும் மேலும் கீழுமாகக் காட்டுங்கள். முதலில் பழைய எழுத்தை மட்டும் திரையில் விட்டு, தெரிந்த எழுத்து எது என்று அவையைக் கேளுங்கள். ககரத்தையும் மகரத்தையும் யாராவது ஒருவர் கட்டாயம் பிடித்துவிடுவார். அதன் பிறகு இக்கால வடிவத்தைக் கொண்டுவரலாம். படிக்கும் வரிகள் மட்டும் ஐந்தைத் தாண்ட வேண்டாம்.