யுனிவர்சிட்டில சம வாய்ப்பு கமிட்டி போட்டுருக்காங்க, எதுல இருந்து ஆரம்பிக்கலாம்?

வைகைக்கரை:
வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு யுனிவர்சிட்டில அசிஸ்டென்ட் புரொஃபசரா இருக்கேன். நாலு டிபார்ட்மென்ட் சேர்ந்த ஒரு பிரிவு, அத ஸ்கூல்னு சொல்வோம். சம வாய்ப்பு கமிட்டின்னு ஒன்னு போட்டு என்னையும் சேத்துருக்காங்க, மொத மீட்டிங் பூரா பேனரு, உறுதிமொழி, யார சிறப்பு விருந்தினரா கூப்புடலாம்னே போயிருச்சு. எனக்கு மனசு ஒப்பல. எங்க பிள்ளைக உசிலம்பட்டி, பேரையூர், மேலூர்ப் பக்கம் இருந்து பஸ்ல வர்றவங்க, நெறைய பேரு வீட்டுக்கே மொத பட்டதாரி, பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். 69 சதவீத இடஒதுக்கீடு இருக்கவும் சீட்டு கெடைச்சு உள்ள வந்துடுறாங்க, ஆனா வந்தப்புறம் கடைசி பெஞ்சுல ஒதுங்கிடுறாங்க, ரெண்டாவது செமஸ்டர்ல சிலர ஆளையே காணோம். நெசமா ஏதாச்சும் மாறணும், என்ன செய்யலாம்?

மேலூர்க்காரன்:
மேடம், ஸ்காலர்ஷிப் அறிவிக்கிற விதத்த மொதல்ல மாத்துங்க. நான் படிச்ச காலேஜ்ல பாடம் நடக்கும்போதே ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் லிஸ்ட்டோட வந்து "எஸ்சி ஸ்காலர்ஷிப் எல்லாம் எந்திரி"ம்பாரு. அந்த அரை நிமிஷம் மொத்த கிளாஸும் திரும்பிப் பாக்கும், அப்புறம் யாரு யாரோட உக்காந்து சாப்புடுவா, ஹாஸ்டல்ல யாரு ரூம்ல யாருங்கறதெல்லாம் அன்னைக்கே முடிவாயிரும். என் பக்கத்துல இருந்தவன் எந்திரிக்கவே இல்ல, அந்தக் காசே வேணாம்னு விட்டுட்டான், அவங்கப்பா கல் குவாரில கூலி. ஆளுக்கு ஒரு மெசேஜ் போன்ல அனுப்புனா முடிஞ்சுது, இதுக்கு எதுக்கு ஒருத்தன எந்திரிக்க வைக்கணும்?

ஓய்வுபெற்ற வாத்தியார், கோரிப்பாளையம்:
தம்பி சொல்றதுக்கு ரூல்ஸே இருக்கும்மா. 2012ல யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, கொண்டாந்த சமத்துவ விதிகள எடுத்துப் படிங்க. கிளாஸ்ல சாதியச் சொல்லி அறிவிக்கிறது, ரிசர்வேஷன் ஸ்டூடன்ட்னு முத்திரை குத்துறது, லேப்ல வேலை செய்ய விடாம சும்மா ஒக்கார வைக்கிறது எல்லாமே பாகுபாடுன்னு அதுலயே எழுதிருக்கு, புகார் வாங்க தனி அலுவலர் இருக்கணும்னும் இருக்கு. யாருன்னு பேரையும் நம்பரையும் நோட்டீஸ் போர்டுல போடுங்க. அடுத்தது வைவா, அதான் வாய்மொழித் தேர்வு. நான் கெமிஸ்ட்ரி. ஒரு பிள்ளை டைட்ரேஷன், அதான் சொட்டுச் சொட்டா கரைசல் விட்டு அளக்குற சோதனை, அவ்வளவு சுத்தமாப் பண்ணுச்சு, கடைசி சொட்டுல இளஞ்சிவப்பு வந்ததும் சொட்டு விடுற பியூரெட்ட டக்குன்னு நிறுத்துச்சு, எக்ஸ்டர்னலா வெளியில இருந்து வந்த தேர்வாளர் இங்கிலீஷ்ல கேக்கவும் வாயே தொறக்கல. அதையே தமிழ்ல கேட்டேன், நிறம் ஏன் மாறுதுன்னு கடகடன்னு சொல்லிருச்சு. கேக்காம விட்டுருந்தா மார்க் போயிருக்கும்.

சக்கர நாற்காலி:
நான் பிஎச்டி ஸ்காலர். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி எங்களுக்கு 5 சதவீதம் சீட்டு, ஸ்கிரைப், அதாவது நாம சொல்றத எழுதித் தர்ற ஆள் வச்சு எழுதுனா அரசு வழிகாட்டுதல்படி மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரம். பேப்பர்ல எல்லாம் சரியா இருக்கு. எங்க டிபார்ட்மென்ட்ல ராம்ப் கூட இருக்கு, ஆனா அது முன்னாடி தெனமும் பைக்க நிறுத்திடுறாங்க, செமினார் மாடில, லிப்ட் கெடையாது. கீழ் ரூமுக்கு மாத்துறதுக்குப் பணமே தேவையில்ல, டைம்டேபிள்ல ஒரு கட்டத்த மாத்துனாப் போதும்.

டவுன்ஹால் ரோடு:
எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துறதுதான சமம்? தனித்தனியா சலுகை பண்ணா மத்தவங்களுக்கு வருத்தம் வராதா?

வைகைக்கரை:
நல்லா கேட்டீங்க. பாடத்துல பின்தங்குனவங்களுக்கு நடத்துற எங்க ரெமிடியல் கிளாஸ் சாயங்காலம் நாலரைக்கு, எல்லாருக்கும்தான். ஹாஸ்டல் பிள்ளையும் டவுன் பிள்ளையும் இருக்கும், பேரையூர்ப் பிள்ளை நாலே முக்கால் பஸ்ஸ விட்டா வீட்டுக்குப் போக ராத்திரி ஆயிரும், வீட்ல அனுப்பவே மாட்டாங்க. இத மதியத்துக்கு மாத்துனா யாருக்குங்க நட்டம்? மெசேஜ் விஷயத்த ஆபீஸ்ல பேசிட்டேன், சரின்னுட்டாங்க. சார், வைவால தமிழ்ல பதில் சொல்றத எக்ஸ்டர்னல் ஒத்துக்கலன்னா நீங்க எப்படிச் சமாளிச்சீங்க? பாடத்திட்டம் முடிவு பண்ற போர்டு ஆஃப் ஸ்டடீஸ்ல வச்சு எழுத்தாவே வாங்கிடணுமா?