எழுத்தே இல்லாத புத்தகத்துக்கு எத்தனை பதிப்புகள்!

‘தி ஸ்னோமேன்’ படத்தை டிவியில் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தேடிப் போனேன். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் வந்தால் அந்தப் படமும் வந்துவிடும். சேனல் 4-இல் அது முதலில் ஒளிபரப்பானது 1982 டிசம்பர் 26 அன்று.

ரேமண்ட் பிரிக்ஸின் புத்தகம் அதற்கு முன்பே, 1978-இல், ஹாமிஷ் ஹாமில்டன் வெளியீடாக வந்தது. கதையில் ஒரு வரி எழுத்து கிடையாது. முழுக்கக் கலர் பென்சிலில் வரைந்த கட்டங்கள். அதைவிட ஆச்சரியம், அதில் கிறிஸ்துமஸே இல்லை! கிறிஸ்துமஸ் தாத்தா இல்லை, பையனுக்குப் பெயரும் இல்லை. அவனும் அவன் செய்த பனிமனிதனும் பறப்பது பிரைட்டன் கடற்கரை வரைக்கும்தான். வட துருவம், விருந்து, ஜேம்ஸ் என்ற பெயர் எல்லாம் படத்துக்காகச் சேர்த்தவை.

இது தெரிந்ததும் பதிப்பு பதிப்பாகச் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன். படத்துக்குப் பிறகு வந்தவற்றில் கதையை எழுத்தில் சொல்பவையும் உண்டு, கைக்குழந்தைகளுக்கான கெட்டி அட்டைப் புத்தகங்களும் உண்டு. 2018-இல் மைக்கேல் மோர்பர்கோ இதையே ஒரு முழுக்கதையாக எழுதினார். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பனிமனிதன் பேசாமல் இருப்பதில்தான் எனக்கு உயிர்.

பழைய பிரதி கிடைத்தால் பதிப்புரிமைப் பக்கத்தை முதலில் பாருங்கள், மறுஅச்சு ஆண்டுகள் அங்கேதான் இருக்கும். மேலுறையின் உள்மடிப்பில் விலை இருந்த மூலை வெட்டியிருந்தால் பெரும்பாலும் யாரோ பரிசாகக் கொடுத்த பிரதி. பழைய புத்தக வியாபாரிகள் அதற்கு விலையைக் குறைப்பார்கள். எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

என்னிடம் இருப்பதிலேயே எனக்குப் பிடித்தது ஒரு தேவாலய விற்பனையில் கிடைத்தது. கிறுக்கல் இருக்கிறதென்று பாதி விலைக்குக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால், ஏதோ ஒரு குழந்தை கட்டங்களுக்குக் கீழே பென்சிலால் வசனம் எழுதியிருக்கிறது! பனிமனிதன் அப்பாவின் பல்செட்டை எடுத்து மாட்டிக்கொள்ளும் இடத்தில், “எங்க தாத்தாகிட்டயும் இருக்கு” என்று ஆங்கிலத்தில், எழுத்துப்பிழையோடு. கணப்பு அடுப்பைக் கண்டு அவன் விலகும் இடத்தில் “கிட்ட போகாதே” என்று மூன்று முறை. சுத்தமான முதல் பதிப்பைக் கொண்டுவந்து நீட்டினாலும் இதைக் கொடுக்க மாட்டேன்.

இப்போது தேடுவது பஃபின் பதிப்பகத்தின் பழைய பேப்பர்பேக். அது சல்லிசாகக் கிடைக்கும்தான், ஆனால் குழந்தைகள் புரட்டிப் புரட்டி முதுகு பிய்ந்திருக்கும். நல்ல நிலையில் எங்கேயாவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள்.