மலை ஊரில் மதர்போர்டுக்கு இருபதாயிரமா?

கேத்தி_கேரட் | ஞாயிறு இரவு 7:40

நேற்று இன்னொரு இழையில் ஒருவர் எழுதியிருந்தார்: "மதர்போர்டுக்கு இருபதாயிரத்துக்குக் குறைவாகப் போடுகிறவன் செல்போனோடு நிறுத்திக்கொள்ளலாம்." அங்கே கேள்வி கேட்டவர் யார் தெரியுமா? கோத்தகிரிப் பக்கம் தேயிலை பறித்துப் போடும் ஒரு அப்பா. பிளஸ் டூ முடித்த மகளுக்கு மொத்தமே நாற்பத்தைந்தாயிரத்தில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றார். இருபதாயிரத்தைப் போர்டுக்குக் கொடுத்துவிட்டால் மானிட்டருக்குப் பதில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஏனென்று கேட்டால், "விஆர்எம் மேல் ஹீட்சிங்க் இருக்க வேண்டும்" என்கிறார். விஆர்எம் என்பது பிராசசருக்குக் கரண்டைச் சீராக்கிக் கொடுக்கும் பகுதி, ஹீட்சிங்க் அதன் சூட்டை இறக்கும் அலுமினியத் துண்டு. எங்கள் ஹட்டியில், அதாவது கிராமத்தில், பதினோரு மெஷின் என் கையால் அசெம்பிள் செய்தவை. எல்லாம் ஆறாயிரம், ஏழாயிரம் ரூபாய் போர்டுகள். ஒன்றில்கூட விஆர்எம் மேல் ஹீட்சிங்க் கிடையாது, ஒன்றும் சூட்டில் போகவில்லை. ஜனவரியில் புல் மேல் உறைபனி விழுகிற ஊரில் அந்த அலுமினியத் துண்டு எதற்கு? சொல்லுங்கள்.

ஃபுல்_எஃப்பிஎஸ் | இரவு 7:58

அந்த மகாபாவி நான்தான். மேற்கோளை முழுசாகப் போட்டிருக்கலாமே அண்ணா? "கேம் ஆடுகிறவன்" என்று வாக்கியம் தொடங்கியது. தலையை வெட்டிவிட்டு உடம்பைக் காட்டுகிறீர்கள்.

இன்டெல் ஐ5-13600கே பிராசசர் முழு வேகத்தில் ஓடினால் 181 வாட் வரை இழுக்கும். அதை ஹீட்சிங்க் இல்லாத எச்610 என்ற மலிவு ரகப் போர்டில் போட்டுப் பாருங்கள். விஆர்எம் சூடாகிப் பிராசசரின் வேகத்தை இறக்கிவிடும். மாருதி 800-இல் லாரி இன்ஜினை வைத்த கதைதான்.

கேத்தி_கேரட் | இரவு 8:03

13600கே பற்றி யார் பேசினார்கள்? அந்த அப்பா கேட்டாரா? நான் போட்டுக்கொடுப்பது ஐ3-12100 பிராசசர். அதன் உச்சபட்சமே 89 வாட். அதற்கு ஹீட்சிங்க் எதற்கு என்றுதான் கேட்டேன். பதில் இல்லை. லாரி, மாருதி என்று வண்டி வண்டியாக வருகிறது.

லவ்டேல்_வாத்தியார் | இரவு 8:20

இருவரும் கொஞ்சம் நில்லுங்கள். முதலில் "வீட்டுக் கம்ப்யூட்டர்" என்றால் என்ன என்று முடிவு செய்துகொள்ளலாமா? டைப் அடிக்கவா, கேம் ஆடவா, வீடியோ எடிட் செய்யவா? அதைச் சொல்லாமல் ரூபாயைப் பற்றிச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

கேத்தி_கேரட் | இரவு 8:22

வீட்டில் இருந்தால் வீட்டுக் கம்ப்யூட்டர், சார். ஹீட்சிங்க் விஷயத்துக்கு வாருங்கள்.

லவ்டேல்_வாத்தியார் | இரவு 8:41

வருகிறேன். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சூட்டை எடுத்துக்கொண்டு போவது காற்று. காற்று மெலிந்தால் அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் எடுத்துப் போகிற சூடு குறையும். ஆகவே "மலையில் குளிர், ஹீட்சிங்க் வேண்டாம்" என்பது பாதி உண்மைதான்.

ஃபுல்_எஃப்பிஎஸ் | இரவு 8:43

வாத்தியார் சார் வாழ்க!! படித்தவர் சொல்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள்.

கேத்தி_கேரட் | இரவு 8:55

சரி சார், காற்று மெலிசு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோயம்புத்தூரில் சித்திரை மாதம் ரூமுக்குள்ளேயே 36 டிகிரி. என் வீட்டில் இப்போது 15. அந்த 21 டிகிரி லாபத்தை உங்கள் மெலிந்த காற்று முழுசாகத் தின்றுவிடுமா? நாங்கள் கொடுப்பதே 89 வாட். அதில் விஆர்எம் வீணாக்குவது பத்து வாட் இருக்குமா? ராத்திரி பாத்ரூமில் போடும் சின்ன பல்பு. அதற்கு அலுமினியக் கவசம்! கர்ணனுக்கே ஒன்றுதான் இருந்தது.

லவ்டேல்_வாத்தியார் | இரவு 9:02

முழுசாகத் தின்னாது. நான் அப்படிச் சொல்லவும் இல்லை. "பாதி உண்மை" என்றேன்.

கேத்தி_கேரட் | இரவு 9:03

பாதி உண்மை என்றால் பாதி ஹீட்சிங்க் வாங்கலாமா, சார்?

கோத்தகிரி_அப்பா | இரவு 9:10

வணக்கம். கேள்வி கேட்டது நான்தான். மகள் பி.காம். சேரப் போகிறாள். டேலி கணக்கு மென்பொருள் கற்றுக்கொள்ள வேண்டும், அப்புறம் ஆன்லைன் வகுப்பு. போர்டுக்கு எவ்வளவு போடலாம் என்று யாராவது ஒரு தொகை சொன்னால் போதும்.

பெட்போர்டு_ஸ்குரூடிரைவர் | இரவு 9:26

குன்னூரில் சர்வீஸ் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். என் மேஜைக்குச் செத்து வருகிற போர்டுகளில் சூட்டால் போனது அபூர்வம். இங்கே போர்டைக் கொல்வது இடி. ஐப்பசியில் மழை பிடித்தால் வாரம் இரண்டு போர்டாவது வரும். கரண்ட் லைன் வழியாகத்தான் வரும் என்று எல்லாரும் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார்கள். இன்டர்நெட் கேபிளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கம்பத்திலிருந்து கம்பத்துக்குத் தொங்கி வருகிற செம்புக் கம்பிதானே அது? சர்ஜ், அதாவது திடீரெனப் பாயும் கரண்ட், அதன் வழியாக நேராக அந்தக் கேபிள் செருகும் லேன் போர்ட்டுக்கு வரும்.

போன வாரம் வந்த ஒன்றைச் சொல்கிறேன். போர்டைப் பார்த்தால் புதுசு மாதிரி. லேன் போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன சிப்பில் மட்டும் கடுகளவு ஒரு கறுப்புக் கொப்புளம். லென்ஸ் வைத்தால்தான் தெரிகிறது. முகர்ந்து பார்த்தால் கருகிய வாடை. பவர் கொடுத்தால் ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது. அவ்வளவுதான், ஆள் காலி. அது பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் போர்டு. பெரிய ஹீட்சிங்க், அதன் மேல் விளக்கு, எல்லாம் இருந்தது.

கேத்தி_கேரட் | இரவு 9:29

கேட்டீர்களா! பெரிய ஹீட்சிங்க்! காப்பாற்றியதா?

பெட்போர்டு_ஸ்குரூடிரைவர் | இரவு 9:34

நான் ஹீட்சிங்க் பற்றியே பேசவில்லை, அண்ணா. எர்த்திங் பற்றிப் பேசுகிறேன். இங்கே பல வீட்டில் மூன்று கால் பிளக்கில் மூன்றாவது கால் சும்மா அலங்காரம். பாறை மண்ணில் எர்த் சரியாக இறங்காது, கம்பியைப் பாதி ஆழத்தில் நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியன் போய்விடுவார். போர்டில் மிச்சம் பிடிக்கிற காசை எர்த்திலும் யுபிஎஸ்ஸிலும் போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

கேத்தி_கேரட் | இரவு 9:36

"போர்டில் மிச்சம் பிடிக்கிற காசை." இந்த வார்த்தையை எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபுல்_எஃப்பிஎஸ் | இரவு 9:48

மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் பற்றி ஸ்குரூடிரைவர் அண்ணா ஒரு வார்த்தை பேசவில்லையே, கவனித்தீர்களா? எனக்கு 2021-இல் ஒரு எஸ்எம்பிஎஸ் விற்றார். "450 வாட்" என்று ஸ்டிக்கர். கையில் தூக்கினால் காலி டப்பா மாதிரி இருந்தது. நாலு மாதத்தில் பட்டென்று வெடித்தது. பில் கேட்டேன். "நமக்குள்ளே எதுக்குத் தம்பி பில்" என்றார்.

பெட்போர்டு_ஸ்குரூடிரைவர் | இரவு 9:55

அது நீ கேட்ட விலைக்குக் கிடைத்த பொருள், தம்பி. "அண்ணா, ஆயிரத்துக்குள்ளே முடிங்க" என்று நின்றது யார்? போர்டுக்கு இருபதாயிரம், எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஆயிரம். மாளிகை கட்டி மூங்கில் தூணில் நிறுத்தினால் நான் என்ன செய்ய?

கேத்தி_கேரட் | இரவு 9:57

அடடா. இது தெரியாமல் போச்சே. இருபதாயிரம் போர்டுக்காரர் ஆயிரம் ரூபாய் எஸ்எம்பிஎஸ் போட்டிருக்கிறார்!

ஃபுல்_எஃப்பிஎஸ் | இரவு 9:59

அப்போது நான் பாலிடெக்னிக் இரண்டாம் வருடம். இப்போது மாற்றிவிட்டேன். விஷயத்தைத் திருப்பாதீர்கள். பில் எங்கே?

கொடை_கணக்கு | இரவு 10:15

கொடைக்கானலிலிருந்து. வீட்டிலிருந்தே ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறவள். ஹீட்சிங்க்கைத் தாண்டி யாருமே போகவில்லை, அதனால் சொல்கிறேன். எச்610 போர்டில் ரேம் ஸ்லாட் இரண்டுதான். நான் முதலில் அதைத்தான் வாங்கி இரண்டு 8 ஜிபி போட்டேன். மார்ச் மாதம் பத்து எக்செல், டேலி, பிரவுசர் எல்லாம் திறந்தால் திணறியது. ரேம் ஏற்றலாம் என்றால் ஸ்லாட் இல்லை. இரண்டு 8-ஐயும் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு இரண்டு 16-ஆக வாங்க வேண்டி வந்தது. ஆயிரத்தில் மிச்சம் பிடித்து மூவாயிரத்தில் விட்டேன். இப்போது நாலு ஸ்லாட் இருக்கும் பி660 போர்டு. பதிமூன்றாயிரம் ஆனது. ஏழும் இல்லை, இருபதும் இல்லை.

கேத்தி_கேரட் | இரவு 10:21

நல்லது, அக்கா. முதலிலேயே ஒரே 16 ஆக வாங்கி ஒரு ஸ்லாட்டைக் காலியாக விட்டிருந்தால் இந்தச் செலவு வந்திருக்காது. இது போர்டின் தப்பில்லை. இருக்கட்டும், உங்கள் பி660-இல் ஹீட்சிங்க் இருக்கிறதா? இருந்தால், கொடைக்கானல் குளிரில் அது என்ன வேலை செய்கிறது?

கொடை_கணக்கு | இரவு 10:24

இருக்கிறது. என்ன வேலை செய்கிறது என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை. கொடைக்கானல் குளிரைப் பற்றி ஊட்டிக்காரர்கள் பேச வேண்டாம். டிசம்பரில் வந்து பாருங்கள்.

கேத்தி_கேரட் | இரவு 10:26

கொடைக்கானல் 2,133 மீட்டர். ஊட்டி 2,240. கணக்குப் போடுகிறவர் நீங்கள்.

கொடை_கணக்கு | இரவு 10:31

கேத்தி ஊட்டியாக எப்போது ஆனது? ஊட்டியிலிருந்து இறங்கி வர வேண்டுமே உங்கள் ஊருக்கு. அதைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஃபுல்_எஃப்பிஎஸ் | இரவு 10:32

😂😂 அக்கா மாஸ்.

கூடலூர்_குடை | இரவு 10:50

நீங்கள் குளிருக்குச் சண்டை போடுங்கள். எங்களுக்கு ஈரம்தான் பிரச்சினை. ஆடி மாதம் அலமாரியில் வைத்த பெல்ட்டில் பூஞ்சை பூக்கிறது. என் மெஷினுக்குப் பின்னால் யுஎஸ்பி போர்ட்டைச் சுற்றி இருக்கும் தகடு செம்மண் நிறத்துக்கு மாறிவிட்டது. பென் டிரைவைச் செருகினால் நறநற என்கிறது. விலை கூடிய போர்டில் இது வராதா? அதையாவது யாராவது சொல்லுங்கள்.

பைக்காரா நீர்மின் நிலையத்தில் 1932-லிருந்து கரண்ட் எடுக்கிறார்கள். நாலு தூறல் விழுந்தால் எங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் இல்லை. இது தனி வயிற்றெரிச்சல்.

லவ்டேல்_வாத்தியார் | இரவு 11:05

ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் அறையைவிடச் சூடாக இருக்கும், ஈரம் அதன் மேல் படியாது. அணைத்தே போட்டிருந்தால்தான் படியும். குளிர்ந்து கிடக்கும் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு போய் வெந்நீர் அடுப்பு எரிகிற அறையில் வைத்து உடனே ஆன் செய்வது மிகவும் ஆபத்து. கண்ணாடி அணிந்தவர்களுக்குத் தெரியும், வெளியிலிருந்து உள்ளே வந்ததும் கண்ணாடி மங்குகிறதே, அதேதான் போர்டிலும் நடக்கும். ஒரு மணி நேரம் விட்டுவிட்டு ஆன் செய்யுங்கள். மழைக்காலத்தில் தினமும் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். விலைக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

கேத்தி_கேரட் | இரவு 11:08

விலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வாத்தியாரே சொல்லிவிட்டார்.

லவ்டேல்_வாத்தியார் | இரவு 11:10

ஈரத்துக்குச் சொன்னேன் ஐயா. ஈரத்துக்கு!

ஃபுல்_எஃப்பிஎஸ் | இரவு 11:19

சரி, ஹீட்சிங்க்கை விடுங்கள். நாளைக்கு அந்தப் பெண் பிராசசர் மாற்ற நினைத்தால்? ஏஎம்டி பிராசசர் பொருந்தும் ஏஎம்5 சாக்கெட் 2022-இல் வந்தது, 2027 வரையும் அதற்கு மேலும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. நல்ல போர்டாக ஒரு தடவை வாங்கினால் பிராசசரை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். இன்டெல் 1700 சாக்கெட் பதினாலாம் தலைமுறைப் பிராசசரோடு முடிந்தது. நீங்கள் தலையில் கட்டுகிற எச்610 முட்டுச்சந்து.

கேத்தி_கேரட் | இரவு 11:33

"நாளைக்கு." இந்த நாளைக்கு என்ற சொல்லைச் சொல்லித்தான் கடைக்காரன் பிழைக்கிறான். 2017-இல் இன்டெல் எட்டாம் தலைமுறைப் பிராசசர் வந்தது. சாக்கெட் பெயர் அதே 1151. முந்தைய வருடம் 1151 போர்டு வாங்கி வைத்தவர்கள் எல்லாம் ஆசையாகப் போய்ப் பார்த்தால், பழைய போர்டில் அது ஓடாது. பெயர் ஒன்று, ஓட்டம் வேறு.

ஏஎம்டி அப்படி இல்லை என்பீர்கள், சரி. ஆனால் நான் அசெம்பிள் செய்த பதினோரு பேரில் பிராசசர் மாற்றியவர் எத்தனை பேர்? பூஜ்யம். ரேம் ஏற்றினார்கள், எஸ்எஸ்டி போட்டார்கள். பிராசசரைத் தொட்டவர் யாரும் இல்லை. போர்டு மாற்றும் வயது வரும்போது எல்லாமே மாறியிருக்கும்.

ஹீட்சிங்க்கை "விடுங்கள்" என்றீர்களே, தோற்றதும் விட்டுவிடலாமா?

ஃபுல்_எஃப்பிஎஸ் | இரவு 11:35

யார் தோற்றது?? 181 வாட்டுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

கேத்தி_கேரட் | இரவு 11:36

89 வாட்டுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

கோத்தகிரி_அப்பா | திங்கள் காலை 6:15

எல்லாவற்றையும் படித்தேன். நன்றி. ஏழாயிரமா, பதிமூன்றாயிரமா, இருபதாயிரமா? புதன்கிழமை மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறங்குகிறேன், காந்திபுரத்தில் வாங்கிவிடலாம் என்று எண்ணம்.

பெட்போர்டு_ஸ்குரூடிரைவர் | காலை 8:40

கோவைக்கா? அங்கே ஐந்நூறு குறையும், சரி. போர்டு போனால் மறுபடி அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏறுவீர்களா? இங்கேயே குன்னூரில் வாங்கினால் வாரண்டிக்கு நான் அனுப்பித் தருவேனே.

ஃபுல்_எஃப்பிஎஸ் | காலை 8:44

பில்லோடு கொடுப்பீர்களா?

பெட்போர்டு_ஸ்குரூடிரைவர் | காலை 8:47

உனக்கு மட்டும் கிடையாது.

கேத்தி_கேரட் | காலை 9:05

ராத்திரி தூக்கம் வராமல் மெஷினைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் ஓட்டினேன். வெளியே 9 டிகிரி. விஆர்எம் மேல் விரலை வைத்து முப்பது வரை எண்ணினேன். வெந்நீர் டம்ளரைப் பிடித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. கொடை அக்காவும் ஃபுல் எஃப்பிஎஸ்ஸும் தங்கள் ஹீட்சிங்க் மேல் விரல் வைத்து எத்தனை வரை எண்ண முடிகிறது என்று இங்கே எழுதட்டும்.

லவ்டேல்_வாத்தியார் | காலை 9:20

ஓடுகிற போர்டில் விரல் வைக்காதீர்கள் ஐயா. விரல் தெர்மாமீட்டரும் இல்லை.

கேத்தி_கேரட் | காலை 9:21

முப்பது வரை எண்ணினேன், சார்.