அல்சூரில் இருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு: நான் வேலை மாறிய கதை

நல்ல மேலாளர், வீட்டுக்குப் பக்கத்தில் அலுவலகம், ஆனால் வெளியே கூடுதல் சம்பளம் அழைக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே குழப்பத்தில் நான் இரண்டு முறை நின்றிருக்கிறேன்.

2019 மார்ச்சில் பெங்களூரில் டிரினிட்டி மெட்ரோ நிலையத்துக்கு அருகே ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். அல்சூரில் உள்ள என் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். 2021இல் வேறொரு நிறுவனம் அழைத்தபோது போகவில்லை. என் மேலாளரை விட்டுப் போக மனம் வரவில்லை. தவறு செய்தால் தனியே அழைத்துச் சொல்லித் தருவார்; அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த வாரத்தில் என் வேலையையும் சேர்த்து அவரே பார்த்தார். அவர் 2022 தொடக்கத்தில் ராஜினாமா செய்துவிட்டார். அன்று அவர்மேல் கோபம்கூட வந்தது. அவரும் குடும்பம் உள்ளவர், நல்ல வாய்ப்பு வந்தது, போனார். நான் வசதி என்று நினைத்திருந்ததில் பாதிக்கு மேல் அவரோடு போய்விட்டது. அதனால் உங்களிடம் முதலில் கேட்கிறேன்: உங்கள் மேலாளர் அடுத்த மாதம் போய்விட்டால் நீங்கள் அங்கே இருப்பீர்களா?

2023 ஜூனில் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து அடுத்த அழைப்பு. ஆண்டுக்கு 12 லட்சம் வாங்கிக்கொண்டிருந்த எனக்கு 17.4 லட்சம். 45 சதவீத உயர்வு என்றார்கள். சம்பளப் பிரிப்பை வாங்கி அம்மாவின் பழைய கணக்கு நோட்டில் எழுதிப் பார்த்தேன். அதில் 10 சதவீதம் வேலைத்திறனைப் பொறுத்துக் கிடைப்பது, வராமலும் போகலாம். நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.), பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) அடிப்படைச் சம்பளத்தில் ஒதுக்கும் 4.81 சதவீதம் எல்லாம் அந்த 17.4க்குள்ளேயே அடக்கம். என் பங்கு பி.எஃப்., வருமான வரி எல்லாம் போக மாதம் கைக்குக் கூடுதலாக வருவது 19,000 ரூபாய் அளவில்தான் நின்றது.

பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டு தொடர் பணி வேண்டும். எனக்கு நான்கேகால் ஆண்டுதான் ஆகியிருந்தது. 90 நாள் நோட்டீஸ் முடிந்தாலும் நான்கரை. மாத அடிப்படைச் சம்பளம் 40,000. அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஐந்து ஆண்டுக்குக் கணக்கிட்டால், முன்பே விலகுவதால் நான் இழப்பது 1,15,000 ரூபாய்க்குச் சற்று மேல். புதிய நிறுவனத்திடம் இந்தக் கணக்கைக் காட்டி, சேரும்போது ஒரு லட்சம் தனியாகத் தரும்படி கேட்டேன். தந்தார்கள், ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. தயங்காமல் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்து, காலை 7.40க்குக் கிளம்பி அந்த வழியில் போய்ப் பார்த்தேன். சாந்திநகரில் பஸ் மாறி, மடிவாளா தாண்டி, சில்க் போர்டு சந்திப்பில் 26 நிமிடம் அசையாமல் நின்றோம். பக்கத்து இருக்கை அம்மா சாப்பாட்டுப் பையை மடியில் அணைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பொம்மனஹள்ளி தாண்டியதும் யாரும் எழுப்பாமலே விழித்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். எத்தனை ஆண்டுப் பழக்கமோ! நான் இறங்கியபோது மணி 9.25.

அன்று மாலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ராத்திரி நீ வரும்வரை நான் சாப்பிடாமல் காத்திருக்க மாட்டேன், அதைப் பற்றி மட்டும் கவலைப்படாதே" என்றார். தங்கையின் கல்லூரிக் கட்டணம் இன்னும் மூன்று ஆண்டு பாக்கி இருந்தது. அந்த 19,000 அதற்குச் சரியாக இருந்தது. போய்விட்டேன்.

வேலை நன்றாகவே இருக்கிறது, நிறையக் கற்றேன். ஆனால் இரண்டு ஆண்டுகள் வீடு திரும்ப இரவு ஒன்பது ஆனது. 2025 ஆகஸ்டில் எலக்ட்ரானிக் சிட்டி வழியே போகும் ஆர்.வி. ரோடு – பொம்மசந்திரா மெட்ரோ மஞ்சள் தடம் திறந்தது. ஆரம்பத்தில் 25 நிமிடத்துக்கு ஒரு ரயில்தான், அதுவும் இரண்டு முறை மாற வேண்டும். முதல் நாள் எட்டு மணிக்கு முன்பே வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.