புதுப்பிப்பு: மெசபடோமியாவிலிருந்து கோபி திரும்பிய துப்பறிவாளர்

போன மாசம் கேட்டிருந்தேன்: 1919இல் கோபிச்செட்டிபாளையம் பக்கம் நடக்கும் துப்பறியும் கதை, நாயகர் முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) சண்டையிட்டு மனசு உடைந்து திரும்பிய சிப்பாய், அந்த வலியைக் கதையில் எங்கே வைப்பது என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க.

"வெறும் கெட்ட கனவா வெக்காதீங்க, துப்புக்கே அது உதவணும்" என்று ஒருத்தர் சொன்னது மனசில் நின்றுவிட்டது. அப்படியே எழுதியிருக்கிறேன். கிணறு வெட்டப் பாறைக்கு வெடி வைக்கிறார்கள். சத்தம் கேட்டதும் அவர் கடலைக்காட்டில் குப்புற விழுகிறார், வாயெல்லாம் செம்மண். ஊர் சிரிக்கிறது. ஆனால் வெடியோடு வெடியாகக் கேட்ட இன்னொரு சத்தம் துப்பாக்கி என்பது அவர் காதுக்கு மட்டுந்தான் தெரிகிறது. கொலை அங்கேதான் பிடிபடுகிறது.

தேடும்போது சிலிர்க்க வைத்த ஒன்று. போரில் மனம் சிதைந்த பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு ஸ்காட்லாந்தின் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் சிகிச்சை தந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், 1901-02இல் நம்ம நீலகிரியில் தோடர்களிடையே ஆய்வு செய்தவர்! நடந்ததை அமுக்காமல் பேசச் சொன்னவர் அவர். அதே போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களைச் சொல்லி பிரிட்டிஷ் ராணுவமே சுட்டுக்கொன்ற 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு கிடைத்தது.

நம்ம சிப்பாய்க்கு ரிவர்ஸ் இல்லை, அப்பத்தாதான். "ஏஞ் சாமி, இன்னும் தூங்கலியா?" என்று கேட்டுத் திண்ணையில் உட்காருகிறாள். அவர் கொஞ்சங்கொஞ்சமாகப் பேசுகிறார்.

அடுத்த அத்தியாயம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில். வீட்டுப் பெரியவங்க அந்தக் காலச் சந்தையைப் பற்றிச் சொல்லியிருந்தா எழுதுங்க.