புதுப்பிப்பு: வளைவுல பைக்கைச் சாய்க்க பயமா இருக்குன்னு கேட்டிருந்தேனே

வளைவு வந்தாலே கை விறைச்சுப் போகுது, வண்டி வெளிப்பக்கமா ஒதுங்குதுன்னு முன்னாடி எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. இப்ப நிறைய மாறியிருக்கு.

ரொம்ப உதவினது, பார்வையை வளைவு முடியுற இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னதுதான். கண்ணை மட்டும் திருப்பினா போதாது. தாடை தோள் பக்கம் போற அளவுக்குத் தலையே திரும்பணும். அப்ப கையில இருக்கிற இறுக்கம் தானா விட்டுடுது.

அடுத்து, வண்டியைத் திருப்பும்போது இடது பக்க ஹேண்டிலை முன்னால தள்ளினா வண்டி இடது பக்கமே போகும்னு ஒருத்தர் சொன்னார். நம்ப முடியல. ஆளில்லாத தார் மைதானத்துல 30 கி.மீ. வேகத்துல போய், இடது உள்ளங்கையால மெதுவா அழுத்திப் பார்த்தேன். உடனே வண்டி இடது பக்கம் சாஞ்சு திரும்புச்சு! அந்த நொடியிலதான் வண்டி என் பேச்சைக் கேக்கும்னு நம்பிக்கை வந்துச்சு.

வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைக்கிறதுக்கும் கணக்கு இருக்கு. 20 மீட்டர் ஆரமுள்ள வளைவுல 30 கி.மீ. வேகத்துக்கு சுமார் 20 டிகிரி சாய்வு போதும், 40 கி.மீ.ன்னா 32 டிகிரி ஆயிடும். புதுசா ஓட்டுறவங்களுக்கு அந்த வித்தியாசம் ரொம்பப் பெருசு. நேரா போகும்போதே பிரேக் பிடிச்சு முடிச்சிட்டு, வளைவுக்குள்ள ஆக்சிலரேட்டரை ஒரே சீரா வெச்சுக்கிறேன்.

இன்னும் சரியா வராதது வலது பக்க யூ-டர்ன். பாதி கிளட்ச் (லிவரை முழுசா விடாம பாதி பிடிச்சபடி), லேசா பின் பிரேக், முன் பிரேக்கைத் தொடாம பழகிட்டிருக்கேன். ஆக்சிலரேட்டர் கை உள்பக்கமா மடங்கும்போது இன்ஜின் வேகம் ஏறி இறங்குது. இதுக்கு மணிக்கட்டை எப்படி வெச்சுக்கிறீங்க?