வாள்முனை டெம்ப்ளேட்: யாருக்கும் பிடிக்காத கருத்துக்கு கேப்ஷன் எழுதுறது எப்படி?

மொட்டைமாடி:

டிஸ்னியோட ‘டேங்கிள்ட்’ (2010) படத்துல ஹீரோ ஃப்ளின் ரைடரைச் சுத்தி எல்லாரும் கழுத்துக்கு நேரா வாளை நீட்டிக்கிட்டு நிப்பாங்களே, அந்த டெம்ப்ளேட்தான். ஊருக்கே பிடிச்சதை ஒருத்தன் வேணாம்னு சொல்ற மீமுக்கு எல்லாரும் எடுக்கிறது. சாப்பாட்டு குரூப்ல போடணும். இப்போதைக்கு எழுதி வெச்ச வரி:

“சொன்னா எல்லாரும் அடிக்க வருவீங்கன்னு தெரியும், ஆனாலும் என் கருத்தைச் சொல்றேன், எனக்கு பொங்கல் வடை காம்போ அவ்வளவா பிடிக்காது”

சிரிப்பு வர மாட்டேங்குது. எதை வெட்டலாம்? இன்னொண்ணு, இம்பாக்ட் ஃபான்ட்ல தமிழ் அடிச்சா வேற ஏதோ மெலிசான எழுத்துல வருது. எழுத்தைப் படத்து மேலேயே போடலாமா, தனியா வெள்ளைப் பட்டை விடலாமா?

கடைசிபெஞ்ச்:

“சொன்னா அடிக்க வருவீங்க”ன்னு நீங்க சொல்றதைத்தான் படத்துல அத்தனை வாளும் சொல்லுது. அப்புறம் எதுக்கு அந்த முதல் பாதி? தூக்கிடுங்க. “என் கருத்து”ங்கிறதும் வேணாம். மேல எழுதினா அது அந்த ஆளோட கருத்துதான்னு எல்லாருக்கும் தெரியும்.

மிச்சம் இருக்கிறது “எனக்கு அவ்வளவா பிடிக்காது”. இதுக்கு யார் வாளெடுப்பா? “சரி, சாப்பிடாத”ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. ருசியைச் சொல்லாதீங்க, தீர்ப்பு சொல்லுங்க:

“பொங்கலுக்கு வடை தேவையே இல்ல”

அவ்வளவுதான். விஷயம் அற்பமா இருக்கணும், சொல்ற தொனி சுப்ரீம் கோர்ட் மாதிரி இருக்கணும். “இல்ல” கடைசியில வருதா, அதைப் படிச்ச கண்ணு அப்படியே கீழ இறங்கி அவன் மூஞ்சியில நிக்கும். “வடை தேவையே இல்ல பொங்கலுக்கு”ன்னு திருப்பிப் போட்டா அடி நடுவுல விழுந்து, கடைசி வார்த்தை சும்மா தொங்கும். இமோஜி, மூணு ஆச்சரியக்குறி எதுவும் வேணாம். அவன் எவ்வளவு அசால்ட்டா சொல்றானோ அவ்வளவு சிரிப்பு.

வாள்களுக்குப் பேர் போடுங்க, ஆனா எல்லாத்துக்கும் போடாதீங்க. மூணு போதும். முதல் ரெண்டு எதிர்பார்த்ததா இருக்கட்டும்: “அம்மா”, “டிபன் கடை மாஸ்டர்”. மூணாவதுதான் சரக்கு: “டயட்ல இருக்கிற பெரியப்பா”. சம்பந்தமே இல்லாத ஆளும் வாளோட வந்து நிக்கிறான் பாருங்க, மீம் அங்கதான் இருக்கு.

எழுத்துருப்பித்தன்:

இம்பாக்ட்ல தமிழ் எழுத்தே கிடையாது. அதனால ஆப் தானா வேற ஃபான்ட்டை எடுத்துக்குது. பலூ தம்பி 2 எக்ஸ்ட்ராபோல்ட், இல்லன்னா முக்த மலர் எக்ஸ்ட்ராபோல்ட் போடுங்க. ரெண்டும் கூகுள் ஃபான்ட்ஸ்ல இலவசம்.

கருத்து வெள்ளைப் பட்டையில, வாளோட பேர்கள் படத்து மேல. 16:9 படத்தை 1080 பிக்சல் அகலத்துக்கு வெச்சா உயரம் 608 வரும். மேல 240 பட்டை விடுங்க, மொத்தம் 1080க்கு 848. இன்ஸ்டாவுக்கு இது போதும், சதுரமாக்க கீழ வெத்து இடம் சேர்க்க வேணாம். பட்டைக்குள்ள 72 பிக்சல் எழுத்து, ரெண்டு வரி, வரி இடைவெளி 1.3. ஆங்கிலத்துக்கு விடுற 1.1 விட்டா மேல் வரியோட கால்களும் கீழ் வரியோட கொக்கிகளும் முட்டிக்கும். “பொங்கலுக்கு வடை” ஒரு வரி, “தேவையே இல்ல” அடுத்த வரி. ஆப்பையே மடிக்க விட்டா “இல்ல” மட்டும் தனியா கீழ விழுந்துடும்.

போட்டோஷாப் 2021 இல்ல அதுக்கு முந்தின வெர்ஷன்னா ப்ரிஃபரன்ஸ், டைப் போய் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்துட்டு புது ஃபைல்ல டைப் பண்ணுங்க. இன்னும் பழைய வெர்ஷன்ல அது மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்னு இருக்கும். இல்லன்னா கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் போய் நிக்கும். உங்க வரியில பொ, டை, தே, வை, யேன்னு அஞ்சு இடத்துல கொம்பு இருக்கு, ஒண்ணு உடைஞ்சாலும் உடனே தெரிஞ்சிடும்.

வாள் பேர்கள் 40 பிக்சல், வெள்ளை எழுத்து, 4 பிக்சல் கறுப்பு ஸ்ட்ரோக் (எழுத்தைச் சுத்தி வர்ற ஓரக்கோடு). ஸ்ட்ரோக் பொசிஷன் அவுட்சைடு. சென்டர்ல விட்டா பாதிக் கறுப்பு உள்பக்கம் ஏறி ண, ஞ மாதிரி சுழி எழுத்தெல்லாம் அடைச்சுக்கும். சிவப்பு எழுத்து வேண்டவே வேணாம். ஜேபெக் நிறத்தை வெளிச்சத்தைவிடக் குறைவான துல்லியத்துல சேமிக்கிறதால சிவப்போட ஓரம்தான் முதல்ல மசமசன்னு ஆகும். பி.என்.ஜி.யா சேமிச்சு, வாட்ஸ்அப்ல ஹெச்டி தொட்டு அனுப்புங்க.

பாயசம்பார்ட்டி:

வரி நல்லா வந்திருக்கு. கருத்தைத் தேர்ந்தெடுக்கிறதுல ஒரு விஷயம். “ராஜாவா ரஹ்மானா” மாதிரி சண்டைக்கு இந்த டெம்ப்ளேட் செட் ஆகாது. எந்தப் பக்கம் பேசினாலும் பாதி ஊர் கூட நிக்கும், அப்போ சுத்தி வாள் எங்க இருந்து வரும்? அதே மாதிரி ஜாதி, நிறம், உடம்பு பத்தின கருத்தை இதுல போடாதீங்க. இந்தப் படம் நடுவுல நிக்கிறவனைப் பாவப்பட்ட ஹீரோவா காட்டுது. ஒருத்தரைப் புண்படுத்திட்டு அந்த இடத்துல போய் நின்னா கமெண்ட்ல கழுவி ஊத்துவாங்க, அது நியாயம்தான்.

வாதம் பண்ணக் கூப்பிடணும்னா 2018ல வந்த, டேபிள் போட்டு “என் மனசை மாத்து”ன்னு உட்கார்ந்திருக்கிற டெம்ப்ளேட் இருக்கு. உருப்படியான யோசனை சொன்னவனை ஜன்னல் வழியா வீசுறதுன்னா போர்டு ரூம். நம்ம ஊர் சரக்கு வேணும்னா கைப்புள்ள இருக்கார், ஆனா வரியை மாத்தணும். வாள் டெம்ப்ளேட் அடி விழறதுக்கு முந்தின நொடி, அதனால நேரா தீர்ப்பு. கைப்புள்ள அடி வாங்கி முடிச்ச ஆள், அங்க புலம்பல்தான் எடுபடும்: “பொங்கலுக்கு வடை எதுக்குன்னு ஒரு வார்த்தைதான்யா கேட்டேன்”.

மொட்டைமாடி:

வாள்லயே போறேன். பிக்சல்லேப் ஆப்ல அவுட்சைடுன்னு ஆப்ஷன் காணோமே?

எழுத்துருப்பித்தன்:

அந்தத் தொல்லையே வேணாம் ப்ரோ. எழுத்து லேயரை காப்பி பண்ணி, கீழ இருக்கிறதுக்கு 8 பிக்சல் கறுப்பு ஸ்ட்ரோக் கொடுங்க, மேல இருக்கிறதுக்கு ஸ்ட்ரோக்கை எடுத்துடுங்க. ரெண்டையும் ஒரே இடத்துல வெச்சா உள்பக்கம் ஏறின கறுப்பை மேல இருக்கிற வெள்ளை மூடிடும். நகர்த்துறதுக்கு முன்னாடி ரெண்டையும் மெர்ஜ் பண்ணிடுங்க, இல்லன்னா ஒண்ணு மட்டும் விலகி நிழல் மாதிரி தெரியும்.